அண்ணன் வைத்த காற்றுக்குழாய்

எனக்கு வேலை உத்தரவு வந்த ஐப்பசியில்தான் எங்கள் கண்மாய் நிறைந்து மறுகால் போனது. அதற்கு முந்தின சில வருடங்கள் கண்மாய்க்குள் ஆடுதான் மேய்ந்தது. தண்ணீர் நிறைந்து மிஞ்சினால் அடுத்த ஊர்க் கண்மாய்க்கு வழிந்தோடுகிற பாதைக்கு எங்கள் பக்கம் மறுகால் என்று பெயர். அது கடற்கரைக்குப் போகும் சாலையைக் குறுக்கே தாண்டி ஓடும். பாலம் கிடையாது. அந்த இடத்தில் சாலையையே பள்ளமாக இறக்கிக் கல் பாவியிருந்தார்கள். மழையில்லாத வருடங்களில் அந்தக் கல்லில் மிளகாய் காயப் போடுவார்கள்.

வேலை கடலோரத்து ஊர் ஒன்றில், பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். எங்கள் வீட்டில் பேனா பிடித்த முதல் ஆள் நான். முதுகுளத்தூரில் தொடங்கி, ராமநாதபுரத்தில் விடுதியில் தங்கிப் பள்ளிப் படிப்பை முடித்து, ஆசிரியப் பயிற்சியும் முடித்தவள். ஊரில் தந்தி வந்தால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். நான் படித்துச் சொல்லும் வரை பெரிய ஆம்பளைகளும் என் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அதில் எனக்குப் பெருமை உண்டு. மறைப்பானேன்?

ஆனால் பெண்ணைப் படிக்க வைத்தவர்களுக்கும் அவளை வேலைக்கு அனுப்ப மனம் வருவதில்லை. உத்தரவு வந்த அன்றே அய்யாவின் அண்ணன், என் பெரியய்யா, வந்து வாசலில் உட்கார்ந்துகொண்டார்.

"கொமருப்பிள்ளைய முன்னப் பின்னத் தெரியாத ஊர்ல கொண்டுபோயி விடப்போறியாக்கும்?"

"சர்க்காரு வேலைண்ணே," என்றார் அய்யா.

"சர்க்காரு வந்து தாலி கட்டுமா?"

அய்யா உத்தரவுக் காகிதத்தை மடித்து மடியில் செருகிக்கொண்டார். அவர் மிளகாய்க்காரர். வானத்தைப் பார்த்து விதைத்து, வானத்தைப் பார்த்தே காலம் தள்ளியவர். எதிலும் சகுனம் பார்த்தே இறங்குவார். அன்றைக்கு நெடுநேரம் யோசித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"போ. ஆனா ஒன்னு சொல்லிப்புடுறேன். போற எடத்துலயோ போற வழியிலயோ ஒன்னு கோணலாப் போச்சுன்னா, பெறகு வேலை கீலைன்னு பேசப்படாது. வீட்டுக்கு வந்துரணும்."

"சரிய்யா," என்றேன். என் படிப்பு முழுவதும் அந்த ஒரு வார்த்தையின் மேல் வந்து நின்றது.

என்னைக் காரில் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்று அண்ணன் முடிவு செய்திருந்தான். கார் அவனுடையது. சின்ன வயதில் மாட்டு வண்டி ஓட்டி, பிறகு ஒரு பண்ணை வீட்டில் டிரைவராக இருந்தவன் அவன். அவர்கள் புதுக் கார் வாங்கியபோது பழைய கறுப்புக் காரை இவன் எடுத்துக்கொண்டான். கல்யாணம், பிரசவம், கோர்ட்டு, கோயில் என்று அபிராமம் வரைக்கும் அந்தப் பக்கத்து ஊர்கள் எல்லாவற்றுக்கும் வாடகைக்கு ஓட்டினான். அவனைப் போலக் கார் ஓட்ட ஆள் கிடையாது என்று ஊரில் சொல்வார்கள். அவனும் சொல்வான்.

அந்தக் காருக்கு இருந்த ஒரே குறை வெயில். பங்குனி தொடங்கிவிட்டால் கொஞ்ச தூரம் போவதற்குள் எஞ்சின் திணறும். காற்றை வடிகட்டுகிற டப்பா ஒன்று எஞ்சின் மேலேயே இருந்தது. எங்கள் சாலைப் புழுதியில் அது அடிக்கடி அடைத்துக்கொள்ளும். கழற்றித் தட்டித் தட்டி அலுத்துப்போன அண்ணன், யாரோ ஒரு லாரி டிரைவர் சொன்ன யோசனையைக் கேட்டு அந்த டப்பாவையே எடுத்துவிட்டான். அதற்குப் பதிலாகத் தகரத்தில் ஒரு நீளக் குழாய் செய்து மாட்டினான். எஞ்சின் வாயில் தொடங்கும் அந்தக் குழாய், ரேடியேட்டருக்குப் பக்கமாக வளைந்து இறங்கி, பம்பருக்குக் கீழே ஊமத்தம்பூப் போல வாய் விரித்துக்கொண்டு நின்றது. புழுதிக்காக அதில் ஒரு மெல்லிய வேட்டித் துணியைக் கட்டியிருந்தான்.

"பானட்டுக்குள்ள காத்து கொதிக்குது. கொதிக்கிற காத்தக் குடிச்சா அது எப்படி ஓடும்? கீழ ஓடுற காத்து குளுந்த காத்து. இப்பப் பாரு," என்று என்னை உட்கார வைத்து ஓட்டிக் காட்டினான்.

உண்மையாகவே கார் இளைப்பாறியது போல ஓடியது. சத்தமும் மாறிவிட்டது, உறுமலோடு ஒரு ஊதல் சேர்ந்துகொண்டது. தெருப் பிள்ளைகள் அந்தச் சத்தத்தைக் கேட்டே வெளியே ஓடி வந்தார்கள். "காருக்குத் தும்பிக்கை வச்சிருக்கான்யா," என்று கேலி செய்தவர்கள்கூடக் குனிந்து அதைத் தொட்டுப் பார்த்தார்கள். வெயிலும் புழுதியுமே எதிரி என்று வாழ்ந்த ஊர் எங்களுடையது. தண்ணீரை நினைத்து அங்கே யாரும் எதையும் செய்ததில்லை.

திங்கட்கிழமை முற்பகலுக்குள் நான் சேர்ந்தாக வேண்டும். தவறினால் வேலை பட்டியலில் அடுத்த ஆளுக்குப் போய்விடும். சனிக்கிழமையே மறுகால் பெருகிப் பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். ஞாயிறு முழுக்க அண்ணன் அங்கே போய்ப் போய்ப் பார்த்து வந்தான். திங்கள் காலை தண்ணீர் வடிந்திருந்தது. அம்மா எனக்குத் திருநீறு பூசிவிட்டாள். அய்யா காருக்குப் பக்கத்தில் நின்றார். நான் முன்னிருக்கையில், அண்ணனுக்குப் பக்கத்தில் ஏறிக்கொண்டேன். மாவு போல வெள்ளையான புதுச் சேலை, மடியில் என் சான்றிதழ்கள்.

மறுகாலில் கூட்டமாக இருந்தது. தண்ணீர் வந்த சந்தோஷத்தில் பெண்கள் வரப்போரம் நின்று தேங்காய் உடைத்துக் கும்பிட்டுக் குலவை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஆண்கள் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு தண்ணீருக்குள் நின்று வண்டிகளுக்கு வழி காட்டினார்கள். ஒரு கிழவி காருக்குள் எட்டிப் பார்த்தாள்.

"எங்கத்தா போற, சிங்காரிச்சிக்கிட்டு?"

"டீச்சர் வேலையில சேரப் போறேன்."

"அடியாத்தீ, டீச்சரா? நம்ம மிளகாக்காரரு மகளா?" என்றவள் திரும்பிப் பார்த்துக் கையை ஆட்டினாள். அடுத்த குலவை எனக்கு. எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. அண்ணன் சிரித்துக்கொண்டே ஸ்டியரிங்கைத் தட்டினான்.

தண்ணீருக்குள் நின்ற ஒருவர், எங்களுக்குச் சித்தப்பா முறை, அக்கரை வரை நடந்துபோய்த் திரும்பி வந்து சொன்னார்: "முழங்காலுக்குக் கீழதான்டா. அச்சு முங்கல. காலையில இருந்து வண்டியெல்லாம் போயிருச்சு."

அச்சு முங்காவிட்டால் போகலாம் என்பது எங்கள் ஊரில் வண்டிக்காரர்கள் வைத்திருந்த கணக்கு. அவர்களுக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. நடுத்தண்ணீரில் மாடு தயங்கி நின்றால் கல் மேல் வெள்ளம் கொண்டுவந்து போட்ட மணலில் சக்கரம் இறங்கிவிடும். அதனால் மறுகாலில் யாரும் மெதுவாக இறங்க மாட்டார்கள். கொஞ்சம் பின்னால் இருந்தே மாட்டை விரட்டி, கத்திக்கொண்டு, ஒரே ஓட்டத்தில் இறக்கி ஒரே ஓட்டத்தில் ஏற்றிவிடுவார்கள். அண்ணன் பத்து வயதிலிருந்து அப்படித்தான் மறுகாலைத் தாண்டியிருக்கிறான். காரைப் பின்னுக்கு எடுத்தான்.

"தள்ளிக்கங்க சித்தப்பு!"

கார் உறுமிக்கொண்டு இறங்கியது. தண்ணீர் இரண்டு பக்கமும் சுவராக எழும்பியது. முன்னால் ஒரு அலை எழும்பி, காருக்கு முன்னாலேயே ஓடி, பானட் மேல் சரிந்தது. பெண்கள் ஆரவாரம் செய்தார்கள். பாதி தூரம் போயிருப்போம். அந்த ஊதல் சத்தம் திடீரென்று கொப்புளிக்கிற சத்தமாக மாறியது. அடுத்த கணம் எஞ்சினுக்குள் சம்மட்டி அடித்தது போல ஒரு அடி. அதோடு எல்லாச் சத்தமும் நின்றுவிட்டது. என் காலடியில் தண்ணீர் ஊறி வந்தது.

அண்ணன் சாவியைத் திருகவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி முன்னால் பார்த்துக்கொண்டே இருந்தான். குழாயின் வாய் தண்ணீருக்குள் இருப்பது அவனுக்கு அந்தக் கணத்தில்தான் நினைவுக்கு வந்தது என்று நினைக்கிறேன்.

ஆண்கள் தள்ளி அக்கரை சேர்த்தார்கள். அண்ணன் பானட்டைத் திறந்து ஹேண்டிலைப் போட்டுச் சுற்றிப் பார்த்தான். அசையவில்லை. பிளக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றினான். எல்லாரையும் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு மறுபடியும் சுற்றினான். பிளக் இருந்த ஓட்டைகளிலிருந்து செம்மண் தண்ணீர் ஆள் உயரத்துக்குப் பீறிட்டு அடித்தது. பார்த்தவர்கள் இன்னும் பின்னால் தள்ளிப் போனார்கள்.

"என்னண்ணே இது?"

"காத்த உள்ள இழுத்து அமுக்குறதுதான் எஞ்சின் வேலை. காத்து அமுங்கும். தண்ணி அமுங்காதுத்தா. தண்ணிய அமுக்கப் போயி அதுவே அடிபட்டுப் போச்சு."

திரவத்தை அழுத்திச் சுருக்க முடியாது என்று நான் பரீட்சையில் எழுதியிருக்கிறேன். அது இப்படி ஒரு சத்தம் போடும் என்று எந்தப் புத்தகத்திலும் போட்டிருக்கவில்லை.

ஊர்ப் பக்கத்துக் கரையில் குலவை நின்றுபோயிருந்தது. தண்ணீர் தாண்டி வந்த பேச்சு எனக்குக் கேட்டது. "உடைச்ச தேங்கா அழுகல். அப்பவே நெனச்சேன்." "கன்னிப்பொண்ண முன்னால உக்கார வச்சிப் புதுத்தண்ணியில எறக்கலாமா?" சற்று முன்பு எனக்காகக் குலவை போட்ட அதே வாய்கள். இது சாயங்காலத்துக்குள் அய்யாவின் காதுக்குப் போய்விடும் என்று எனக்குத் தெரிந்தது.

அண்ணன் குழாயைக் கழற்றிப் பின்னிருக்கையில் போட்டான். ஓலையைக் கொளுத்திப் பிளக்குகளைக் காய வைத்தான். வேட்டி முனையால் ஒவ்வொரு ஒயராகத் துடைத்தான். வெகுநேரம் ஹேண்டில் சுற்றிய பிறகு எஞ்சின் இருமிக்கொண்டு ஓடத் தொடங்கியது. ஆனால் அதற்குள்ளிருந்து டொக், டொக் என்று ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது, பூட்டிய வீட்டுக்குள்ளிருந்து யாரோ கதவைத் தட்டுவது போல. அண்ணன் தலையைச் சாய்த்துக் கேட்டான்.

"உள்ள ஏறி எறங்குற ராடு ஒன்னு வளைஞ்சிருச்சு," என்றான்.

"ஓட்டலாமாண்ணே?"

"ஓட்டக் கூடாது."

"அப்ப விட்டுரு. நான் நடந்து போயிக்கிறேன்."

"நடந்து போனா நீ போய்ச் சேரையில பள்ளிக்கூடத்தப் பூட்டிருப்பாக. ஏறு."

"கார் போயிருமேண்ணே."

"இன்னைக்கி நீ சேராமத் திரும்புனா, அய்யா பெறகு ஒன்னய வாசப்படி தாண்ட விடுவாரா? ஏறுன்னா ஏறு."

ஏறினேன். வழி முழுக்க அவன் காரை நடத்தித்தான் கூட்டிப் போனான். உடைமுள் மரங்களைத் தாண்டினோம், பனங்காட்டைத் தாண்டினோம். சத்தம் பெருகிக்கொண்டே வந்தது. மேடு வரும்போதெல்லாம் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன், என் கனமாவது குறையட்டும் என்பது போல. உப்புக்காற்று முகத்தில் அடிக்கத் தொடங்கியபோது, பறையில் கல் விழுந்தது போல ஒரு வெடிச்சத்தம் கேட்டது. கார் குலுங்கி நின்றது. கீழே கறுப்பு எண்ணெய் சாலையில் பரவியது. எஞ்சினின் பக்கவாட்டில் என் கை நுழையும் அளவுக்கு ஒரு ஓட்டை. அதற்குள் முறிந்த இரும்பு தெரிந்தது.

அண்ணன் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தான்.

"அந்தா தெரியுது பாரு, பள்ளிவாசல் மினாரு. அங்கனதான் ஊரு. வெரசாப் போனா சேந்துருவ. போ." நான் இறங்கியதும், "கதவ ஓங்கிச் சாத்தாத," என்றான். வாடகைக்கு ஏறுகிற எல்லாரிடமும் சொல்வதுதான். சொன்ன பிறகு அவனே கதவைப் பார்த்தான், பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

நான் ஓடினேன் என்றே சொல்ல வேண்டும். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டேன். பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியை என் சேலைக் கரையையும் சேறு அப்பிய காலையும் பார்த்தார்.

"பஸ் இல்லையே, எப்படி வந்தீங்க?"

"எங்க அண்ணன் கார்ல," என்றேன்.

அவர் கையெழுத்துப் போடப் பேனாவை நீட்டினார். முற்பகல் முடிய இன்னும் கொஞ்சம் நேரம் இருந்தது.

அந்த வாரம் முழுவதும் பிள்ளைகளுக்கு முன்னால் நிமிர்ந்து நின்றேன். ஆனால் சாலையில் எந்தச் சத்தம் கேட்டாலும், என்னைக் கூட்டிப் போக ஆள் வந்துவிட்டதோ என்று ஜன்னலைப் பார்த்தேன். சனிக்கிழமை பஸ் ஓடத் தொடங்கியிருந்தது. ஊருக்குப் போனேன்.

கார் எங்கள் வாசலில் நின்றது. இரண்டு ஜோடி மாடு பூட்டி இழுத்து வந்திருந்தார்கள். அண்ணன் முன்னால் உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்திருக்க, மாடுகள் அதை மறுகால் வழியாகவே இழுத்து வந்ததாம். ராமநாதபுரத்திலிருந்து ஒரு மெக்கானிக்கைக் கூட்டி வந்து காட்டியதில், எஞ்சின் இனி ஆகாது, இந்தப் பழைய காருக்கு இப்போது சாமானும் கிடைக்காது என்று அவர் சொல்லிவிட்டுப் போனாராம்.

பெரியய்யாவும் தெருக்காரர்கள் பத்துப் பேரும் காரைச் சுற்றி நின்றிருந்தார்கள். நான் வருவேன் என்று தெரிந்துதான் கூடியிருந்தார்கள். அய்யா வாசற்படியில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார்.

"வா தாயி," என்றார் பெரியய்யா. "நீ வேலைக்குக் கால எடுத்து வச்ச நேரம், ஒங்கண்ணன் பொழப்பு போச்சு. ஒங்கய்யாகிட்ட நீ என்ன சொல்லிட்டுப் போன? கோணலாப் போனா வந்துருவேன்னுதானே? இதுக்கு மேல என்ன கோணல் வேணும்?"

"அது சகுனம் இல்ல பெரியய்யா..." என்று தொடங்கினேன்.

"படிச்ச வாயி. ஒன்ட்ட நான் கேக்கல. ஒங்கய்யாட்டக் கேக்குறேன்."

அய்யா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அவர் முகத்தைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. திங்கட்கிழமை என் வகுப்பில் வேறு ஒருத்தி நிற்பாள்.

அதுவரை காருக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்த அண்ணன் முன்னால் வந்தான். பானட்டைத் திறந்து நிறுத்தினான்.

"எல்லாரும் இங்கன வந்து பாருங்க," என்றான். "இந்த ஓட்டை எப்படி விழுந்துச்சுன்னு என்ட்டக் கேளுங்க. காத்து இழுக்குற எடத்த இங்க மேல வச்சுத்தான் கம்பெனிக்காரன் குடுத்தான். தண்ணி எட்டாத எடம். நான் குழாயப் போட்டு அதக் கொண்டுபோயித் தரையில வச்சேன். ஒருத்தன் வாயத் தொறந்துக்கிட்டுக் கண்மாய்க்குள்ள ஓடுனா என்ன ஆவான்? அதுதான் ஆச்சு."

"சித்தப்பு தண்ணிய அளந்துதானப்பா சொன்னாரு?" என்றார் ஒருவர்.

"அவரு வண்டி அச்சுக்கு அளந்தாரு. கொழாய்க்கு அளக்கணும்னு எனக்குல்ல தெரியணும். மெதுவா ஊர விட்டிருந்தாக்கூடத் தப்பிச்சிருக்கும். மாட்ட வெரட்டுற மாதிரி வெரட்டுனேன், அலை எந்திரிச்சு உள்ள போச்சு. ராடு வளைஞ்சது தெரிஞ்சும் ஓட்டுனேன். அதையும் நாந்தான் ஓட்டுனேன். தங்கச்சி நடந்து போறேன்னு சொன்னா. இதுல அவ நேரம் எங்க இருக்கு?"

பிறகு கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு குரல்: "இவன நம்பித்தான் நம்ம மருமகளப் பிரசவத்துக்கு ஏத்திவிட்டோமாக்கும்?" இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அண்ணனின் கழுத்து நரம்பு புடைத்தது. அவனைப் பற்றி அப்படி ஒரு வார்த்தை அதுவரை யாரும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் கைகலப்பாகியிருக்கும். அன்றைக்கு அவன் அசையாமல் நின்றான்.

"ஆமா. இனி ஏத்திவிடாதீக," என்றான்.

பெரியய்யா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். அய்யா எழுந்து காருக்கு வந்தார். எஞ்சினின் ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தார், மிளகாய்ச் செடியில் வேரழுகலைப் பார்ப்பது போல. எடுத்த விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"ஏலே, கடக்கரைப் பஸ்ஸு என்னைக்குடா?"

"நாளைக்கு மத்தியானம் உண்டுய்யா."

"அவளக் கொண்டுபோயி ஏத்திவிடு."

அந்த வேலையைப் பற்றி அதன் பிறகு எங்கள் வீட்டில் பேச்சு எழவே இல்லை.

மறுநாள் அண்ணன் என் டிரங்குப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு பஸ் நிற்கும் இடம் வரை வந்தான். பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்களில் அவன் காரில் போய் வந்த பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் இருந்தார். விஷயம் அவருக்குத் தெரியாது.

"என்னப்பா, தங்கச்சியப் பஸ்ஸுல அனுப்புற? காரு எங்க?"

நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். அண்ணன் பெட்டியை இறக்கி வைத்தான். சொல்லாமல் விட்டுவிட்டிருக்கலாம், அங்கே பெரியய்யா இல்லை, அய்யாவும் இல்லை. அவன் தலைச் சும்மாட்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"நான் கெடுத்துப்புட்டேண்ணே," என்றான். முந்தின நாள் பத்துப் பேருக்கு முன்னால் சொன்னதைவிட அந்த ஒருவரிடம் சொல்வது அவனுக்குக் கஷ்டமாக இருந்தது.